அடியில் கிடக்கும் பெட்டி

சம்மாந்துறையில் எனக்குத் தெரிந்த அரிசி ஆலைக்காரர் ஒருவர், அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது என்று தகவல் கிடைத்த அன்றே, இயந்திரம் வைக்க சீமெந்து மேடை போட்டார். மேடை காய்ந்துவிட்டது. பெட்டி வந்து சேரப் 11 நாள் ஆனது. கொழும்பிலிருந்து இங்கே வர லொறிக்கு ஓர் இரவு போதும். மீதி நாளெல்லாம் அது எங்கே கிடந்தது என்று அவர் என்னிடம் கேட்டார்.

கப்பலில் அல்ல. கரையிலுள்ள பெரிய பாரந்தூக்கி ஒன்று மணிக்கு 25 முதல் 30 கொள்கலன்களை இறக்கும். ஒரு கப்பலுக்கு ஐந்து பாரந்தூக்கிகள் நின்றால், 2,000 பெட்டிகளை ஒரு நாளுக்குள் இறக்கிவிடலாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான், பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில்.

ஆலைக் களஞ்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறோம். வாங்க வந்தவருக்கு அடிமூடைதான் வேண்டும் என்றால் மேலே உள்ளதை எல்லாம் இறக்கி வேறெங்காவது வைக்க வேண்டும். யார்டிலும் இதே கதைதான். எந்தப் பெட்டியை எடுக்க எந்த லொறி எப்போது வரும் என்று தெரியாமலே அடுக்குகிறார்கள். மூன்று உயரம் அடுக்கினால், கேட்ட பெட்டியின் மேல் சராசரியாக ஒரு பெட்டி இருக்கும். ஐந்து உயரம் என்றால் இரண்டு. அதாவது, இடம் மூன்றில் இரண்டு பங்குதான் கூடுகிறது, வீண் தூக்கலோ இரண்டு மடங்காகிறது. தூக்கியதை வைக்கப் பக்கத்தில் வெற்றிடமும் வேண்டும். யார்ட் நிரம்பிவிட்டால் அதுவும் தூரத்தில்தான் கிடைக்கும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. நம் பக்கம் வேளாண்மை வெட்டும் காலத்தில் எல்லோரும் பார்த்ததுதான். ஆலை வாசலில் ஒரே தராசு, ஒரு ட்ரக்டரை நிறுக்கச் சராசரியாக 6 நிமிடம். ட்ரக்டர்கள் நேரம் சொல்லி வைத்து வருவதில்லை. தராசு பாதி நேரம் வேலை செய்யும் அளவுக்கு வண்டிகள் வந்தால், ஒருவர் சராசரியாக 6 நிமிடம் காத்திருப்பார். 80 வீதம் என்றால் 24 நிமிடம். 90 வீதத்தில் 54. 95 வீதத்தில் 114 நிமிடம், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம்! தராசின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை, வந்த வண்டிகளும் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வரிசை மட்டும் சந்தி தாண்டிப் போய்விட்டது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரம் இது. பாரந்தூக்கி, இறங்குதுறை, சுங்கப் பரிசோதனை, வெளிவாசல் என்று துறைமுகத்தில் ஒவ்வொன்றும் இப்படி ஒரு தராசுதான். அதனால், 'பாரந்தூக்கி சும்மா நிற்கிறதே' என்று பார்ப்பவர்கள் ஆதங்கப்படும் அந்த வெறும் நேரம்தான் வரிசை நீளாமல் காக்கிறது என்பேன்.

யார்ட் ஏன் நிரம்புகிறது? அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி அதைச் சொல்லும். நாளுக்கு 1,000 பெட்டிகள் வந்து, ஒவ்வொன்றும் 5 நாள் தங்கினால் 5,000 இடம் வேண்டும். தங்கல் 7 நாளானால் 7,000. கப்பல் ஒன்றுகூட அதிகம் வராமலே 2,000 பெட்டிக்கு இடம் தேட வேண்டியதாகிறது. கொழும்பில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை நம் நாட்டுக்கு உரியவையே அல்ல, இன்னொரு கப்பலில் ஏறிப் போகின்றவை. அந்தக் கப்பல் பிந்தினால் அவையும் அதே முனையத்தில் காத்துக்கிடக்கும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சுயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தபோது, பின்னால் நின்ற கப்பல்கள் கால்வாய் திறந்ததும் ஒன்றாய்க் கிளம்பித் துறைமுகங்களில் ஒன்றாய்ப் போய்க் குவிந்தன. பத்து ட்ரக்டர் ஒரே நேரத்தில் வந்தால் தராசு என்ன செய்யும்?

நம் பக்கத்து ஒலுவிலில் இறக்கலாமே என்று ஆலைக்காரர் கேட்டார். 2013-இல் திறந்த துறைமுகம் அது. ஆனால் பெரிய கொள்கலன் கப்பலுக்கு 15 மீற்றர் அளவு ஆழம் வேண்டும், ஒலுவிலில் வாயிலையே மணல் மூடுகிறது. அலைத்தடுப்பு கரையோரம் நகரும் மணலை மறித்ததால் நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்ட வேதனை தனிக் கட்டுரைக்கு உரியது.

சரி, வழி என்ன? லொறிகள் வரும் நேரத்தை முன்பே பதிவு செய்ய வைப்பது பல துறைமுகங்களில் பலன் தந்திருக்கிறது. நாளைக் காலை எந்தப் பெட்டி போகும் என்று தெரிந்தால், இரவில் பாரந்தூக்கி ஓய்வாக இருக்கும்போதே அதை மேலே எடுத்து வைத்துவிடலாம். இன்னொன்று இறக்குமதியாளர் கையில் இருக்கிறது. அடுத்த முறை உதிரிப்பாகம் வரவழைத்தபோது, கப்பல் கடலில் இருக்கும்போதே ஆலைக்காரர் பத்திரங்களை, சுங்கத்தில் பெட்டியை விடுவித்துத் தரும் கிளியரிங் செய்பவரிடம் கொடுத்துவிட்டார். பெட்டி நான்காம் நாள் வாசலில் நின்றது.