உலர்ந்ததும் வெளுக்கும் கண்ணாடி

“கடற்கரையில் எடுத்தபோது பச்சைக் கல் மாதிரி மினுமினுத்த கண்ணாடித் துண்டு, வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. உப்புப் படிந்துவிட்டதா? கழுவினால் போகுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உடைந்த பாட்டில் துண்டு கடலில் உருண்டு தேய்ந்தால் அதைக் கடல் கண்ணாடி என்பார்கள், தேடிச் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் உண்டு. அதன் வெளுப்பு கழுவும்போது போகும். ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். அது உப்பு இல்லை, கண்ணாடியின் மேற்பரப்பே அப்படித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஆயிரக்கணக்கான பள்ளங்கள். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண், கண்ணாடிக்குச் சுமார் 1.52, காற்றுக்கு 1, நீருக்கு 1.33. பள்ளியில் படித்ததுதான்: வித்தியாசம் பெரிதானால் எல்லையில் ஒளி அதிகம் சிதறும். காற்றோடு வித்தியாசம் 0.52. பள்ளங்களை நீர் நிரப்பிவிட்டால் வெறும் 0.19. பேபி ஆயில் போன்ற கனிம எண்ணெய் தடவினால் ஏறத்தாழ 0.05, அதாவது பள்ளமே இல்லாத மாதிரி. எண்ணெய் பூசி விற்கும் துண்டை வாங்குகிறவர், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே காசு கொடுக்கிறார்.

பள்ளங்களைத் தோண்டியது யார்? “மணல் உரசித் தேய்ந்தது” என்பது வழக்கமான பதில். பாதிதான் சரி. கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் மணல் 7, கண்ணாடி 5.5 அளவில், எனவே கீறும். ஆனால் அரை மில்லிமீட்டர் மணலுக்கும் 5 சென்டிமீட்டர் கூழாங்கல்லுக்கும் குறுக்களவில் 100 மடங்கு வித்தியாசம் என்றால், நிறையில் 10 லட்சம் மடங்கு. போதாததற்கு, மோதப் போகும் மணலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கும் நீர்ப்படலம் அடியை வாங்கிக்கொள்கிறது. வெறும் மணற்கரையில் உடைந்த பாட்டில் நெடுநாள் கூர்மையாகவே கிடப்பது இதனால்தான். வேலைக்காரன் கூழாங்கல்.

அந்த அடி கண்ணாடியில் என்ன செய்கிறது என்பதுதான் இதில் அழகான பகுதி. நல்ல கடல் கண்ணாடி ஒன்றைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க நகம் பதித்ததுபோலப் பிறை வடிவக் கீற்றுகள். கல் மோதும் புள்ளிக்கு நேர் கீழே கண்ணாடி அழுந்துகிறது. அழுத்தத்தைக் கண்ணாடி எளிதாகத் தாங்கிவிடும். அது பலவீனப்படுவது இழுவிசையில். தொடுபரப்பின் ஓரத்தைச் சுற்றி, வட்டமாக, கண்ணாடி வெளிநோக்கி இழுபடுகிறது. அந்த வட்டத்தில்தான் விரிசல் விடுகிறது. விட்ட விரிசல், கீழே போகப் போக விரிந்து, கூம்பாக இறங்குகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், ரேடியோ அலைகளைக் கண்டறிவதற்கு முன்பே, 1880-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த விஷயம் இது. அலையில் உருளும் கல் செங்குத்தாக மோதாது, சறுக்கிக்கொண்டே மோதும். அப்போது சறுக்கும் கல்லின் பின்பக்கத்தில் மட்டும் இழுவிசை கூடுவதால் முழு வட்டம் விழாமல் பாதி வட்டம், அதாவது பிறை.

அலை திரும்பிப் போன பிறகும் வேலை நிற்பதில்லை. விரிசலின் நுனியில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை ஒரு நீர் மூலக்கூறு வந்து பிளந்துவிடும். அடுத்த அடி விழாமலே விரிசல் மெல்ல நீளும். இன்னொன்றும் உண்டு: பாட்டில் கண்ணாடியின் எடையில் 13, 14 விழுக்காடு சோடியம் ஆக்சைடு. நீர் அந்தச் சோடியத்தை வெளியே இழுத்து, அந்த இடத்தில் ஹைட்ரஜனை உட்காரவைக்கிறது. திறந்த பரப்பில் அலை உடனே அலசிவிடும். குறுகிய விரிசலுக்குள் அலசல் குறைவு. காரம் சேர்ந்து பி.எச். 9-ஐத் தாண்டினால் சிலிக்காவே கரையத் தொடங்கும். கிடங்கில் அடுக்கிய கண்ணாடித் தாள்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் வானவில் கறை விழுவதும் இதே கதைதான். ஆக, பிறைகள் அகலமாகி, ஒன்றையொன்று வெட்டி, நடுவிலிருக்கும் சில்லு உதிர்ந்து பள்ளமாகிறது.

வடிவம் மாறுவதற்கும் ஒரு முறை உண்டு. ஹங்கேரிய ஆய்வாளர் காபோர் டோமோகோஸும் கூட்டாளிகளும் 2014-இல் ஆற்றுக் கற்களில் காட்டியது: முதலில் விளிம்பும் முனையும் மட்டும் தேயும், நீள அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், உருண்ட பிறகுதான் கல் மொத்தமாகச் சிறுக்கும். கூழாங்கல் உருளுவதை ஆராயப் பணம் கேட்டால் முகம் சுளிக்காத நிதிக்குழு எது? ஆனால் அதே கணக்கைச் செவ்வாய்க் கோளில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி படமெடுத்த கற்களுக்குப் போட்டுத்தான், அவை பருமனில் சுமார் 20 விழுக்காட்டை இழந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீரில் உருண்டு வந்தவை என்று 2015-இல் சொன்னார்கள்.

சரி, எங்கே தேடுவது? இங்கிலாந்தின் சீஹாமில் 1921 வரை இயங்கிய பாட்டில் ஆலையின் கழிவு கடலில் விழுந்தது. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராகில் 1967 வரை ஊர்க் குப்பை. முந்தையது பெயர்போன வேட்டைக்களம். பிந்தையதில் பூங்கா எல்லைக்குள் எடுக்கத் தடை. மற்ற கரைகளில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் அதிகம் வற்றும். முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், இறங்கும் நீரைப் பின்தொடருங்கள். கண்ணாடியின் அடர்த்தி 2.5, குவார்ட்ஸ் 2.65. எனவே அலை இரண்டையும் ஒரே சல்லடையில் போட்டதுபோலப் பிரிக்கும்: கட்டைவிரல் அளவுக் கண்ணாடி வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவுக் கூழாங்கல் திட்டில் தேட வேண்டும், மணலில் அல்ல. காலை, மாலைச் சூரியனை எதிர்நோக்கி நடந்தால் கல் கறுத்துத் தெரியும், கண்ணாடிக்குள் விளக்கு எரியும்.

எடுத்ததை ஓர் இரவு நல்ல நீரில் ஊறவைத்தால், உப்பு ஏதும் ஒட்டியிருந்தால் அது போய்விடும். ஒட்டிய சிப்பி ஓட்டுக்கு வினிகர் போதும். அது சுண்ணாம்பைக் கரைக்கும், கண்ணாடியைத் தொடாது.

போலிகள் பெரும்பாலும் சுழலும் உருளையில் சிலிக்கன் கார்பைடு பொடியோடு சில நாள் அரைத்தவை. பொடி சின்னது என்பதால் பிறை விழாது. எங்கும் ஒரே சீரான மங்கல்தான். கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கி எடுத்தவை இன்னும் மோசம், பட்டுத்துணி மாதிரி வழவழக்கும். சந்தேகமிருந்தால் சோப்பு போட்டு எண்ணெயைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அப்புறம் லென்ஸைப் பிடியுங்கள்.

விரலில் விளிம்பு இன்னும் உறுத்தினால் துண்டு பழுக்கவில்லை. திரும்ப வீசிவிடலாம், ஆள் குளிக்காத இடமாகப் பார்த்து, கூழாங்கல் கடகடக்கும் பக்கமாக.