கணக்கு வராத பிள்ளைக்குத் தேர்வில் உள்ள உரிமை

மற்ற பாடங்களில் தெளிவாக இருக்கும் பிள்ளை எட்டையும் மூன்றையும் கூட்ட ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, ‘சோம்பேறி’ என்று பெயர் சூட்டிப் பின்வரிசையில் உட்கார வைத்த வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்கால்குலியா எனப்படும் இந்தக் கணிதக் கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கு 16-ஆம் பிரிவும், தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் ‘சொல்வதை எழுதுபவர்’ உதவிக்கும் 17-ஆம் பிரிவும் வழி செய்கின்றன. மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பிள்ளைகள் தோற்பது சான்றிதழில்தான். தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டி வாங்கிய அறிக்கையைப் பெற்றோர் நம்பி வைத்திருப்பார்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் அது செல்லாது, அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். மருத்துவமனைக்குப் போனால், மதிப்பிட வேண்டிய உளவியலாளர் இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். தினக்கூலியை விட்டுவிட்டு இப்படி நான்கு முறை அலைந்த தாய், ஐந்தாம் முறை போகாமல் இருந்தால் அதில் வியப்பில்லை. ஆகவே பத்தாம் வகுப்புக்காகக் காத்திருக்காதீர்கள். 8 வயது நிறைந்ததுமே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 14 வயதில் மறுமதிப்பீடு உண்டு என்பதால், எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். கணக்கில் உள்ள சிரமம் சான்றிதழில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

பிள்ளையின் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அத்துடன் வந்துவிடாதீர்கள். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு அந்த வரம்பைக் காட்டி எழுத்து உதவியை மறுக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் 2022-இல் மத்திய அரசு தனி நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது.

இன்னொரு பொறி, ‘கணக்கையே விட்டுவிடுங்கள்’ என்று பள்ளியில் சொல்லும் யோசனை. 17-ஆம் பிரிவு விலக்குத் தருவது இரண்டாம், மூன்றாம் மொழிகளுக்குத்தான், கணிதத்துக்கு அல்ல. வேறு வாரியத்துக்கு மாறிக் கணிதத்தைத் தவிர்க்கும் பிள்ளைக்குப் பாலிடெக்னிக், பொறியியல் போன்ற வழிகள் அடைபடும் என்பதை யோசனை சொல்பவர்கள் சொல்வதில்லை. பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றும் வேலை உங்கள் பிள்ளையுடையது அல்ல.

சிபிஎஸ்இ மாணவர்கள் சாதாரண கால்குலேட்டருக்கும் அனுமதி பெறலாம், ஆனால் பள்ளிதான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எல்லாக் கோரிக்கைகளையும் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாய்ச்சொல் தேர்வு அறைக்குள் செல்லாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த நகலையும் மறுப்பையும் இணைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம்.