மெய்ப்பை: ஜாக்கெட் என்னும் சொல்லும் அர்மானி நெகிழ்த்திய கோட்டும்

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஜார்ஜோ அர்மானி 2025 செப்டம்பர் 4 அன்று மிலான் நகரில், தம் 91ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் முதல் வரியிலேயே ஒரு தடை எழும். அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது ஆண்களுக்கான ஜாக்கெட். தமிழ்நாட்டிலோ ஜாக்கெட் என்றால் புடவையோடு அணியும் ரவிக்கை. தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ஜாக்கெட் பிட்டுதான் நம் நினைவுக்கு வருமே தவிர, மிலான் ஆடவரின் தோளில் கிடக்கும் கோட்டு வராது. ஆகவே அந்த ஆடைக்கு நம் மொழியில் என்ன பெயர் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜாக்கெட் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் 'ழாக்' என்பது ஒருவகைக் குறுஞ்சட்டை. அதன் சிறுமைவடிவமே ஜாக்கெட் ஆயிற்று. உழவர்களைப் பொதுவாகக் குறிக்க வழங்கிய ழாக் என்ற ஆட்பெயரே ஆடைக்கும் ஆகிவந்தது என்று சொற்பிறப்பு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இடைக்காலப் படைவீரர்கள் உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த தற்காப்புச் சட்டைக்கும் இதே பெயர் வழங்கியது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோட்டு என்பதன் வேர் வேறு: முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து அவ்வாறு ஆனது.

தமிழில் இதற்கு முன்வைக்கப்படும் சொற்களில் 'மேற்சட்டை' தவறில்லை. ஆனால் அது ஆடை எங்கே கிடக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 'அங்கி' என்றால் வழக்கறிஞரின் கறுப்பு உடையும் மருத்துவரின் வெள்ளை உடையும் கண்முன் வருகின்றன. 'சட்டை' வெகுகாலமாகவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அதிலும் இலங்கைத் தமிழர் ஆண்கள் அணிவதைச் 'சேட்டு' என்பர். அங்கே சட்டை என்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும் அணிவது.

இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமான சொல் ஒன்று பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், மன்னனின் பாசறையைக் காக்கும் யவனர்களைப் பற்றிய அடிகள் இவை:

"மத்திகை வளைஇய மறிந்துவீங்கு செறிவுடை
மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து
வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்"

இங்கே 'மெய்ப்பை' என்பதற்கு உரைகாரர் நச்சினார்க்கினியர் சட்டை என்றே பொருள் கூறுகிறார். மெய்யை இட்டுவைக்கும் பை என்பது சொல்லின் அமைப்பு. யவனர் மெய்ப்பையை 'அணிந்தனர்' என்று சொல்லாமல் அதற்குள் 'புக்கனர்' என்று புலவர் பாடியிருப்பதை நான் பெரிதும் வியக்கிறேன். தைக்காத துணியை உடலில் சுற்றி உடுத்திய மக்களுக்கு, கையும் மார்பும் நுழையும்படி தைத்த மேலைநாட்டு ஆடை அப்படித்தான் தோன்றியிருக்கும். கிரேக்கரையும் ரோமரையும் யவனர் என்ற தமிழ், அவர்களுடைய ஆடைக்குத் தானே படைத்துக்கொண்ட பெயர் இது. அவ்வழியில் வந்த இத்தாலிய ஆடைக்கு இதைவிட நெருங்கிய சொல்லை வேறெங்கே தேடுவது?

பாட்டில் அந்த ஆடை அச்சம் தருகிறது: செறிந்து கட்டிய உடை, வெருவரும் தோற்றம். படைவீரனின் சாயல் ஐரோப்பியக் கோட்டிலும் அண்மைக்காலம் வரை இருந்தது. என் தம்பியின் திருமண வரவேற்புக்குத் தைத்த கோட்டைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு இடுப்பளவு மாற்றக் கொடுத்தபோது, தையற்கடைக்காரர் லைனிங்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எனக்குக் காட்டினார். தோளில் பஞ்சுத் திண்டு. மார்பில் இஸ்திரிச் சூட்டில் ஒட்டிய கேன்வாஸ். அது ஓரிடத்தில் விட்டுப்போய், மேல்துணி கொப்புளம்போல் எழும்பியிருந்தது. உயர்ந்த கைத்தையலில் பசைக்கு இடமில்லை. குதிரைமயிர் கலந்து நெய்த கேன்வாஸை ஆயிரக்கணக்கான சிறு தையல்களால் மேல்துணியோடு பிணைப்பார்கள். எப்படிச் செய்தாலும் அதன் வேலை ஒன்றுதான்: அணிபவருக்கு இல்லாத மார்பையும் தோளையும் கோட்டு தானே வைத்திருப்பது.

அர்மானி கை வைத்தது இந்த உட்கட்டில். 1934இல் பியாசென்சாவில் பிறந்த அவர் மிலானில் மருத்துவம் பயிலத் தொடங்கிப் பாதியில் விட்டவர். தையலை முறையாகக் கற்றவர் அல்லர். 1957இல் மிலானின் லா ரினாசென்தே பல்பொருள் அங்காடியில் காட்சிச் சாளரங்களை அலங்கரிக்கும் வேலையில் சேர்ந்து, பின்னர் ஆண்கள் ஆடைப் பிரிவுக்கு மாறினார். 1960களின் நடுவில், கம்பளி நெசவாலைக் குடும்பத்தைச் சேர்ந்த நினோ செருத்தியிடம் வடிவமைப்பாளராகச் சேர்ந்த பிறகே துணியின் இயல்பும், ஆலையில் தைக்கும் கோட்டின் விறைப்பைக் குறைக்கும் வழிகளும் அவருக்குப் பிடிபட்டன. 1975இல் நண்பர் செர்ஜோ கலெயோத்தியுடன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியதும், லைனிங்கையும் திண்டையும் நீக்கினார் அல்லது வெகுவாகக் குறைத்தார். தோளைத் தாழ்த்தினார், பொத்தான்களையும் காலர் மடிப்பையும் கீழே இறக்கினார், பெண்களின் ஆடைக்கு மட்டுமே உரியவை என்று கருதப்பட்ட மென்மையான, எடை குறைந்த துணிகளை ஆண்களின் கோட்டுக்குக் கொண்டுவந்தார். 1980இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றில் ரிச்சர்ட் கியர் இந்த ஆடைகளுடன் தோன்றியபின் அமெரிக்காவே அவரைத் திரும்பிப் பார்த்தது.

இதை முதன்முதலில் செய்தவர் அவரே என்று எழுதுவது சரியன்று. நேப்பிள்ஸ் நகரில் 1930களிலேயே ருபினாச்சியின் தையற்கடையில் வின்சென்சோ அத்தோலினி என்னும் கைதேர்ந்த துணி வெட்டுநர், திண்டும் லைனிங்கும் இல்லாத இலகுவான கோட்டை உருவாக்கினார். அவ்வூரார் அத்தகைய தோளைச் 'சட்டைத் தோள்' என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். ஆனால் அது அளவெடுத்துத் தைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களின் ஆடை. ஆயத்த ஆடையாக, கடையில் தொங்கும் கோட்டிலும் அந்த நெகிழ்ச்சி கிடைக்கும்படி செய்ததும், அதையே ஒரு காலத்தின் தோற்றமாக மாற்றியதும் அர்மானியின் சாதனை.

பருவத்துக்குப் பருவம் மாறும் மோகத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கருநீலம், சாம்பல், சாம்பலும் மணல்நிறமும் கலந்த ஒரு வண்ணம் ஆகியவற்றுக்கே அரை நூற்றாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தார். தாமும் பெரும்பாலும் கருநீல டி-சட்டையோடுதான் காட்சியளித்தார். அணிபவரின் உடல் அசையும்போது ஆடையும் உடன் அசைய வேண்டும் என்பதுதான் அவர் விடாது பின்பற்றிய கொள்கை. அப்படிப்பட்ட ஆடை பத்தாண்டு கழித்தும் பழையதாகத் தோன்றுவதில்லை.

இவ்வகைக் கோட்டை இத்தாலியர் 'ஜாக்கா தெஸ்த்ருத்துராத்தா' என்பர். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் 'கட்டமைப்பற்ற ஜாக்கெட்' என்று எழுதினால், கட்டிடம் இடிந்துவிழுந்ததுபோல் ஒலிக்கிறது. நான் 'நெகிழ்மெய்ப்பை' என்று எழுதி வருகிறேன். நெகிழ்தல் தோளோடு பழகிய சொல். பிரிவில் வாடும் தலைவியின் தோள் நெகிழ்ந்து வளை கழல்வதைச் சங்கப் பாடல்கள் பலகாலும் பேசுகின்றன. உட்கட்டு நிறைந்த கோட்டை 'கட்டுமெய்ப்பை' என்று வேறுபடுத்தலாம். பேச்சில் கோட்டு என்பதே நிலைக்கும், நிலைக்கட்டும். எழுத்தில், அதிலும் ரவிக்கையோடு மயங்கக்கூடிய இடங்களில், "அர்மானி வடித்த மெய்ப்பை", "லினன் துணியில் தைத்த நெகிழ்மெய்ப்பை" என்று எழுதினால் பொருள் ஐயமின்றி விளங்கும்.