டிராகனைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்

சதுரங்கப் போட்டியொன்றில் டிராகன் என்ற தற்காப்பை ஆடிக்கொண்டிருந்த, தரம் 8 படிக்கும் என் மாணவன் ஆறாவது நகர்வில் கறுப்புக் குதிரையை ஜி4 கட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரே இருந்த பிள்ளை சற்று யோசித்துவிட்டு மந்திரியை பி5-இல் வைத்து ‘செக்’ என்றது. இவன் தன் மந்திரியை டி7-இல் குறுக்கே வைத்தான். வைத்த கணமே அது அரசனுக்கு முன்னால் கட்டுண்டு போனது; விலகினால் அரசனுக்குச் செக் என்பதால் ஜி4 பக்கம் நகர முடியாது. ஜி4 குதிரைக்குக் காவலாக நின்றதும் அதே மந்திரிதான். வெள்ளை அரசி நேரே வந்து குதிரையை எடுத்தாள். எட்டு நகர்வுகளில் ஒரு காய் போய்விட்டது. கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஆசையோடு வந்த பிள்ளை அவன்.

வெளியே விறாந்தையில் வைத்து, ஏன் அப்படி ஆடினாய் என்று கேட்டேன். “வெள்ளை காலாளை எஃப்3-க்கு ஆடுவதே அந்தக் குதிரைக்குப் பயந்துதானே சேர்? அவர்கள் தடுப்பதற்கு முதலே பாய்ந்துவிடலாம் என்று நினைத்தேன்” என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. எஃப்3 உண்மையிலேயே அந்தக் குதிரையைத் தடுக்கத்தான். ஆனால் ஆறாவது நகர்வில் வெள்ளை அரசிக்கு டி1-இலிருந்து ஜி4 வரை மூலைவழி திறந்திருக்கிறது, கறுப்பு அரசனோ இன்னும் இ8-இல் நிற்கிறான். வீடியோ பார்த்துப் பதினைந்து நகர்வுகளை மனப்பாடம் செய்திருந்த அவனுக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

திருகோணமலையில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “சேர், டிராகன் எத்தனை வகுப்பில் முடியும்?” புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடம் முடிப்பதுபோல் ஒரு தற்காப்பை முடித்துவிட முடியாது. வலய மட்டப் போட்டி நெருங்கும்போது இந்த அவசரம் பிள்ளைகளை உண்மையிலேயே காயப்படுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிராகன் என்பது சிசிலியன் தற்காப்பின் ஒரு கிளை. வெள்ளை காலாளை இ4-க்கு நகர்த்த, கறுப்புத் தன் காலாளால் சி5 என்று பதில் சொல்லி, பிறகு டி6, ஜி6 ஆடி, ஜி7-இல் மந்திரியை நிறுத்துகிறது. கறுப்புக் காலாட்களின் வரிசை டிராகோ நட்சத்திரக் கூட்டத்தைப் போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இதன் உயிர் ஜி7 மந்திரிதான். டிராகனுக்கு எதிராக வெள்ளை ஆடும் யூகோஸ்லாவ் தாக்குதலில், வெள்ளை தன் அரசனை அரசிப் பக்கம் ஒதுக்கிக் கோட்டை கட்டுகிறது, கறுப்பு அரசன் பக்கம் கட்டுகிறது. வெள்ளை எச் காலாளை ஓட்டி, மந்திரியை எச்6-க்குக் கொண்டுவந்து ஜி7 மந்திரியை மாற்றிவிடப் பார்க்கும். கறுப்பு சி வரிசையைத் திறந்து, தேவைப்பட்டால் ஒரு கோட்டைக் காயையே சி3 குதிரைக்காகக் கொடுத்து வெள்ளை அரசனின் கூரையைப் பிரிக்கும். இந்தப் பந்தயத்தில் ஒரு நகர்வு பிந்தினாலும் ஆட்டம் போய்விடும். இது புரியாத பிள்ளை முதல் பத்து நகர்வுகளை மடமடவென்று ஆடிவிட்டு, பதினோராவதில் கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே நான் தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். 1974இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டத்துக்கான தகுதி இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், கோர்ச்னோயின் டிராகனைக் கார்ப்போவ் 27 நகர்வுகளில் உடைத்தார். அதில் பிள்ளைகளுடன் நான் அதிக நேரம் செலவிடுவது 16ஆவது நகர்வில். தாக்குதல் நடுவே கார்ப்போவ் டி4 குதிரையை இ2-க்குப் பின்வாங்குகிறார். “ஏன் பின்னால் போகிறார்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சி3 குதிரைக்குக் காவல் கொடுத்து, கறுப்பின் அந்தக் கோட்டைப் பலிக்கு இடமில்லாமல் செய்கிறார் என்பதைப் பிள்ளை தானே சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு மாலை முழுவதும் போகும். போகட்டும்.

அதன் பிறகே 1995 நியூயோர்க். நம் ஆனந்துக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் கஸ்பரோவ் 11ஆவது ஆட்டத்தில் திடீரென டிராகனை எடுத்து வென்றார், 13ஆவதிலும் வென்றார். ஆனந்த் தோற்ற ஆட்டமா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டிராகன் வெல்வதையும் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: நம் பாடசாலைப் போட்டிகளில் எதிராளி டிராகனுக்குள் வருவான் என்பதற்கே உறுதியில்லை. இரண்டாவது நகர்விலேயே மந்திரியை சி4-க்குக் கொண்டுவருபவர்கள் இங்கே ஏராளம். சி3 ஆடுபவர்களும் உண்டு. தொடக்கநிலைப் பிள்ளைக்கு இ4-க்கு இ5 என்று நேராகப் பதில் சொல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு காய்கள் சேர்ந்து தாக்குவதையும், கட்டுண்ட காயையும் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண் வந்த பிறகு டிராகனை எடுக்கலாம்.

அந்த மாணவன் டிராகனை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. இப்போது வகுப்பில் யூகோஸ்லாவ் நிலையைப் பலகையில் அடுக்கி, முதலில் வெள்ளையாக ஐந்து ஆட்டம், பிறகு கறுப்பாக ஐந்து ஆட்டம் ஆடுகிறான். தாக்குபவனின் ஆசை தெரிந்தால்தானே தடுக்க முடியும்? உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் “இது எதற்கு?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வராத நகர்வைக் கொப்பியில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.