எழுத வராதவருக்கும் திறக்க வேண்டிய கதவு: ஒம்புட்ஸ்மன் சட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகாலக் காலையில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா சட்டத்தரணியான என் மேசையில் ஒரு சொப்பிங் பையை வைத்து, அதிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பதினொரு கடிதங்கள், அவற்றின் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், சமாதான நீதவான் முன் முடித்த இரண்டு சத்தியக் கடதாசிகள், நான்காக மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு விவாகச் சான்றிதழ். அரச சேவையில் இருந்த கணவர் இறந்த பின் அவருக்குச் சேர வேண்டிய விதவை ஓய்வூதியம் மூன்று ஆண்டுகளாகத் தொடங்கப்படவேயில்லை. அவருடைய பெயரின் முதலெழுத்து விவாகச் சான்றிதழில் 'செ' என்றும் தேசிய அடையாள அட்டையில் 'ஜெ' என்றும் இருந்ததுதான் காரணம். அதையும் நாங்கள் கோவையைப் பார்த்த பிறகே அறிந்தோம். அதுவரை வந்த பதில்கள் எல்லாவற்றிலும் இருந்தது, உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும் என்ற ஒரே வரி. எந்த ஆவணம் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. கடைசி இரண்டு பதில்கள் அவரால் வாசிக்க முடியாத சிங்களத்தில் இருந்தன.

அந்தப் பதினொரு கடிதங்களில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. அயலில் இருந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். "எனக்கு எழுத வராது பிள்ளை, சொல்லச் சொன்னால் எல்லாம் சொல்லுவன்" என்றார். சொல்லவும் செய்தார். எந்த நாளில் எந்த மேசைக்குப் போனார், யார் என்ன சொன்னார் என்பதை, நான் குறித்துக்கொள்ள முடியாத வேகத்தில், ஒரு திகதியும் பிசகாமல் சொன்னார்.

இத்தகைய ஒருவருக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று பார்த்தால், பெரிய கதவுகள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அவருக்கு ஆண்டுகளே கடந்துவிட்டன. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அதாவது அதிகாரிகளைச் சட்டப்படி செயற்படப் பணிக்கும்படி கேட்கும் மனு, தாக்கல் செய்யலாம். ஆனால் கொழும்புக்குப் போய்வரும் செலவும் சட்டத்தரணிக் கட்டணமும் சேர்ந்தால், அவர் கேட்கும் ஓய்வூதிய நிலுவையில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும். எஞ்சியிருந்தது கட்டணம் எதுவும் இல்லாத ஒரு வழி: நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன். அந்த அம்மா அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டதில்லை என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

இந்தப் பதவிக்கு அடித்தளம் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156 ஆம் உறுப்புரை. அரசாங்க உத்தியோகத்தர்களாலும், பகிரங்கக் கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், அவை போன்ற பிற நிறுவனங்கள் ஆகியவற்றின் உத்தியோகத்தர்களாலும் நேரும் அடிப்படை உரிமை மீறல்களையும் ஏனைய அநீதிகளையும் பற்றிய முறைப்பாடுகளை அல்லது குற்றச்சாட்டுகளை விசாரித்து அறிக்கையிடுவது அவருடைய கடமை. 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பதவிக்கு உருக்கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி பொதுமகன் ஒருவர் ஒம்புட்ஸ்மனிடம் நேரே போக முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாக மனுக் கொடுத்து, அது பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவைச் சேர்ந்து, அந்தக் குழு அனுப்பினால்தான் ஒம்புட்ஸ்மன் கையில் எடுக்கலாம். பிரித்தானியாவின் 1967 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகவே போக வேண்டும் என்ற இதே போன்ற ஏற்பாடு இருந்தது. தொகுதி உறுப்பினருக்கு வேண்டாதவரானால் முறைப்பாடு வாசலிலேயே நின்றுவிடும்.

1994 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கி, பாதிக்கப்பட்டவர் நேரடியாக எழுத்தில் முறைப்பாடு செய்யலாம் என்று ஆக்கியது. அரசாங்கத் திணைக்களங்களைப் பற்றிய முறைப்பாடுகளுக்குப் பிரித்தானியா அந்த இடைத்தட்டை நீண்ட காலத்துக்குப் பின்னும் வைத்துக்கொண்டிருக்க, நாம் அதை 1994 இலேயே அகற்றினோம் என்பது நம் சட்டவாக்கத்தில் பெருமைப்படத்தக்க ஒன்று. இன்னொன்றையும் அந்தத் திருத்தம் காட்டித் தருகிறது. ஒம்புட்ஸ்மனின் அதிகாரம் எப்படி இயங்க வேண்டும் என்பதை 156 ஆம் உறுப்புரை சாதாரண சட்டத்திடமே விட்டிருப்பதால், அந்த நடைமுறையை விரிவாக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. பாராளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மையே போதும். ஒரு முறை செய்ததை மறுமுறையும் செய்யலாம்.

முதலில் மாற வேண்டியது, 1994 இன் திருத்தம் விட்டுவைத்த அந்த ஒரு சொல்: 'எழுத்தில்'. கோவையின் மொழியைப் பயன்படுத்தத் தெரியாத ஒருவர் எழுதும் கடிதத்தில் துக்கம் இருக்கும், திகதி இருக்காது. அல்லது திகதி இருக்கும், எந்த முடிவை எதிர்க்கிறார் என்பது இருக்காது. நேரில் ஐந்து நிமிடம் கேட்டால் தெளிந்துவிடும் விடயம், கடிதத்தில் தெளிவின்மை என்று நிராகரிக்கப்படக்கூடும். வேல்ஸ் நாட்டில் 2019 ஆம் ஆண்டில் நிறைவேறிய பொதுச் சேவைகள் ஒம்புட்ஸ்மன் சட்டம், 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தை விரிவாக்கியபோது செய்த மாற்றங்களில் ஒன்று, வாய்மொழி முறைப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது. தொலைபேசியில் சொன்னதை உத்தியோகத்தர் எழுதி, வாசித்துக் காட்டி, சரி என்ற சம்மதத்துடன் பதிவு செய்யலாம். நம் நாட்டில் தோட்டப் பகுதிகளிலும் வன்னியிலும் இருந்து வரும் முறைப்பாடுகளுக்கு இதைவிட அவசியமான மாற்றம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவு தமிழில் எழுதப்பட்டுத் தமிழிலேயே பதில் தரப்பட வேண்டும் என்பதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. தமிழும் அரசகரும மொழி என்பது 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்திலேயே வந்துவிட்டது. ஒம்புட்ஸ்மன் சட்டத்தில் அதை ஒரு பிரிவாக எழுதிவைத்தால், சிங்களத்தில் மட்டும் வரும் பதிலைப் பதிலாகவே கொள்ள முடியாது என்று சொல்லும் துணிவு கீழ்நிலை உத்தியோகத்தருக்கும் வரும்.

இரண்டாவது மாற்றம் இதைவிட ஆழமானது. அந்த அம்மாவுக்கு முறைப்பாட்டை எழுதிக் கொடுத்த ஓராண்டுக்குள், எழுத்துக்கூட்டல் வேறுபாட்டினால் கொடுப்பனவு நிறுத்தப்பட்ட இன்னும் நால்வர் என்னிடம் வந்தனர். 'ஸ' வும் 'ச' வும், 'ஷ' வும் 'ட' வும், தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியபோது நேர்ந்த வேறுபாடுகளும். ஐவரின் கோவைகளிலும் இருந்தது ஒரே தவறு. ஒரே சுற்றறிக்கை அதைத் தீர்த்திருக்கும். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக முறைப்பாடு செய்ய வேண்டியிருந்தது. முறைப்பாடு வந்தபின் விசாரிப்பது என்பதையே நம் சட்டம் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அமைப்பு முழுவதிலும் பரவிய தவறு ஒன்று தெரியும்போது, எவரும் மனுக் கொடுக்காமலே தாமாக விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கு வெளிப்படையாகத் தரப்பட வேண்டும். சுவீடனிலும் நியூசிலாந்திலும் இந்த அதிகாரம் நெடுங்காலமாக உண்டு. நம் நாட்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இதைத் தந்திருக்கிறது. வேல்ஸ் ஒம்புட்ஸ்மன் 2019 இல் இதைப் பெற்ற பின் நடத்திய முதல் பரந்த விசாரணை, வீடற்றோரின் தேவைகளைக் கார்டிஃப், கார்மார்தன்ஷயர், ரெக்ஸம் ஆகிய மூன்று உள்ளூராட்சி மன்றங்கள் எவ்வாறு மதிப்பிட்டன என்பதைப் பற்றியது. அதன் அறிக்கை 2021 ஒக்டோபரில் வெளிவந்தது. தெருவில் உறங்குபவர் கடிதம் எழுதுவார் என்று காத்திருந்தால் அந்த விசாரணை தொடங்கியே இருக்காது. எந்த அளவுகோல்களின்படி தாமாக விசாரிப்பார் என்பதை ஒம்புட்ஸ்மன் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று அந்த வேல்ஸ் சட்டம் கூறுவதால், விரும்பியவரை விரட்டும் கருவியாக இது மாறிவிடும் என்ற அச்சத்துக்கும் அங்கு விடை இருக்கிறது. நம் 156 ஆம் உறுப்புரை 'முறைப்பாடுகள்' என்பதோடு நிறுத்தாமல் 'குற்றச்சாட்டுகள்' என்றும் சேர்த்திருப்பது இதற்கு இடமளிக்கிறது என்பதே என் வாசிப்பு.

சக சட்டத்தரணிகள் சிலர், இவை எல்லாம் இரண்டாம் பட்சம், ஒம்புட்ஸ்மனின் முடிவு கட்டுப்படுத்தும் ஆணையாக வேண்டும் என்கின்றனர். அவர்களுடைய சினம் எனக்கு விளங்குகிறது. இன்றைய சட்டத்தின்படி அவர் நிறுவனத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். உரிய காலத்தில் நடவடிக்கை இல்லையென்றால் ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடலாம். அதற்கு மேல் கையில் ஒன்றுமில்லை. ஆயினும் நான் அவர்களோடு உடன்படவில்லை. ஆணை கட்டுப்படுத்துவதாக ஆகும் அன்றே திணைக்களம் சட்டத்தரணியோடு வரும், அடுத்து எழுத்தாணை மனு, அடுத்து தடையுத்தரவு; ஏழைக்குக் கட்டணமில்லாமல் கிடைத்த ஒரே இடமும் இன்னொரு நீதிமன்றமாகிவிடும். அதற்குப் பதிலாக, பரிந்துரை கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதிலளிப்பதைச் சட்டக் கடமையாக்கி, மறுப்பவர் பொது மனுக்கள் பற்றிய குழுவின் முன் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று விதிக்கலாம். காரணத்தை எழுதச் சொன்னாலே பாதிக் கோவைகள் நகர்ந்துவிடுவதை நான் தொழிலில் கண்டிருக்கிறேன்.

அதிகார எல்லையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி அரசே பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களும், ஒப்பந்தத்தில் பொதுச் சேவை வழங்கும் தனியாரும் 'அவை போன்ற பிற நிறுவனங்கள்' என்ற சொற்றொடருக்குள் வருகிறார்களா என்று வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனியையும் பகிரங்க அதிகாரசபை என்று வரையறுத்திருக்கிறது. அந்த வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்து இந்தச் சட்டத்திலும் சேர்க்கலாம்.

இவை சட்டமாகும் வரை, இன்றுள்ள கதவைச் சரியாகத் தட்ட வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்த அலுவலகம், எந்தத் திகதிக் கடிதம், எந்தக் கோவை இலக்கம், நீங்கள் கேட்கும் பரிகாரம் என்ன என்பவற்றை முதல் பக்கத்திலேயே வையுங்கள். உங்கள் கோவையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், முதலில் தகவல் அறியும் உரிமைக் கோரிக்கை கொடுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தர வேண்டும். அந்த அம்மாவின் பெயரில் இருந்த ஓரெழுத்தை நாங்கள் கண்டுபிடித்தது அப்படித்தான். எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்த ஒரு மாதக் காலம். உரிமை மீறல் அண்மையில் நடந்ததாயின், ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள். அது உயர் நீதிமன்றக் காலவரையறையை நிறுத்தாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்ததற்குச் சான்று கேட்ட தீர்ப்புகள் உள்ளன. ஆகவே ஆணைக்குழு தரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தின் கடிதம் போன ஏழாம் மாதத்தில் ஓய்வூதியமும் நிலுவையும் வந்தன. மற்ற நால்வரில் இருவரின் கோவைகள், இதை எழுதும்போதும் என் அலுமாரியில் இருக்கின்றன.