திருடனும் வீடு வாங்க வந்தவரும்

பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள், அவர்களில் ஒருவன் வீட்டுக்குப் போகிறார்கள். வியாழக்கிழமைகளில் அம்மா வீட்டில் இருக்கமாட்டார். பக்கவாட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. உள்ளே கலர் டிவி, அப்பா சேர்த்து வைத்த நாணயங்கள். நிலவறையில் ஈர வாடை, கூரையில் ஒழுகல். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

1977இல் ஜேம்ஸ் பிச்சர்ட், ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலரைத் திருடனாக நினைத்துப் படிக்கச் சொன்னார்கள், சிலரை வீடு வாங்க வந்தவராக. பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, 'திருடர்களுக்கு' நாணயமும் டிவியும் நன்றாக நினைவிருந்தன. 'வாங்க வந்தவர்களுக்கு' ஒழுகும் கூரை. படித்தது ஒரே பக்கம்தான், எந்த நோக்கத்தோடு படித்தார்கள் என்பதுதான் வேறு.

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் விநாடி போல நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. எங்கே கூடுதலாக நிற்பது என்பதில் நம் மனதிலுள்ள கேள்விக்குப் பெரிய பங்குண்டு. ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் இதை ஓவியத்தில் காட்டினார். ரேப்பின் வரைந்த, நாடுகடத்தப்பட்டவர் வீடு திரும்பும் காட்சி அது. இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் பார்ப்பவரின் கண் முகங்களையே சுற்றியது. வசதியான குடும்பமா என்று கேட்டால் துணிமணிக்கும் நாற்காலி மேசைக்கும் போனது.

அடுத்த ஆண்டு பிச்சர்டும் ஆண்டர்சனும் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுதி முடித்தவர்களிடம், 'சரி, இப்போது நீங்கள் மற்றவர்' என்று வேடத்தை மாற்றினார்கள். கதையை மறுபடி காட்டவில்லை. ஆனாலும் முதல்முறை விட்டுப்போன சில விவரங்கள் இப்போது வெளியே வந்தன. மறந்துவிட்டதாக நாம் நினைப்பதில் கொஞ்சம் உள்ளேயே கிடக்கிறது, கேட்க ஆள் இல்லாமல்.

'பரீட்சைக்குப் படிக்கிறேன்' என்பதும் நோக்கம்தானே என்பீர்கள். அது ரொம்ப அகலம். கண்ணுக்கு எங்கே நிற்பது என்று சொல்லாது. அந்த நோக்கத்தோடுதான் நான் மஞ்சள் மார்க்கரை எடுத்துப் பக்கம் முழுக்க மஞ்சள் பூசினேன். மாறாக, 'உப்பில் ஊறிய மாங்காய் ஏன் சுருங்குகிறது?' என்று கேட்டுக்கொண்டு சவ்வூடு பரவல் (மெல்லிய சவ்வைத் தாண்டி நீர் நகர்வது) பாடத்தைத் திறந்து பாருங்கள். எந்த வரியில் நிற்க வேண்டும் என்று தானே தெரியும். பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை முதலில் படிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. இன்னொன்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முன்னணி: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் போனதும் திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அந்த ஐந்து நிமிடத் தெளிவை நம்பித்தான் பலரும் பரீட்சை அரங்குக்குள் போய் விழிக்கிறோம்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. திருடனுக்குக் கூரை அவ்வளவாகக் கண்ணில் படாது. ஒரே கேள்வியோடு படித்தால் அதற்கு வெளியே உள்ளது நழுவும். அதனால் முக்கியமான பாடத்தை நான் இரண்டு முறை படிக்கிறேன்: முதலில் திருடனாக, அப்புறம் வீடு வாங்க வந்தவராக.