உதான் டிக்கெட்: எந்தத் தூரத்துக்கு என்ன கட்டணம்?

மணிப்பூரின் இம்பாலிலிருந்து மேகாலயாவின் ஷில்லாங்குக்குச் சாலை வழியே போக ஏறத்தாழ 12 மணி நேரம் பிடிக்கும். இரண்டு ஊர்களின் விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 220 கிலோமீட்டர்தான். 2021 ஜூலையில் உதான் திட்டத்தில் நேரடி விமானம் வந்ததும் அது ஒரு மணி நேரப் பயணமாகிவிட்டது.

விமானமே வராத, அல்லது வாரத்துக்குச் சில விமானங்கள் மட்டுமே வரும் நிலையங்களை இணைக்க மத்திய அரசு 2016 அக்டோபரில் கொண்டுவந்தது உதான். தொடக்கத்தில் வைத்த வரம்பு இது: சுமார் 500 கிலோமீட்டர், அதாவது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய். தூரம் குறைந்தால் கட்டண வரம்பும் குறையும், கூடினால் கூடும். விலைவாசிக்கு ஏற்ப வரம்பைத் திருத்துவதால் இன்றும் அதே 2,500தான் என்று நம்பிப் போக வேண்டாம்.

இங்கே தூரம் என்பது வான்வழித் தூரம். சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கிலேயே வராது. வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானம் என்றால் ஒவ்வொரு கட்டமும் தனித் தூரம்.

முதலில் 200 முதல் 800 கிலோமீட்டர் வரையிலான வழித்தடங்களுக்குத்தான் இடம் தந்தார்கள். மலைப்பகுதி, தீவு, எல்லையோரப் பகுதிகளுக்குக் குறைந்தபட்சத் தூரம் இல்லை. இந்தத் திட்டத்தின் மிக நல்ல விதி இதுதான் என்பேன். அஸ்ஸாமின் டிப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு வான்வழியில் 75 கிலோமீட்டர்கூட இல்லை. 2022 ஏப்ரலில் அங்கே இந்தியாவில் கட்டிய 17 இருக்கை டோர்னியர் விமானம் பறந்தது. நடைவழிக்கு இருபுறமும் ஒற்றை இருக்கை; யாருக்கும் ஜன்னலோரம் கிடைக்கும். இறக்கை மேலே இருப்பதால் கீழே ஆறும் மலையும் தடையில்லாமல் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. விமானத்தின் எல்லா இருக்கைகளும் உதான் இருக்கைகள் அல்ல. பொதுவாகப் பாதி இருக்கைகளுக்குத்தான் கட்டண வரம்பு; குறைந்தது 9, அதிகம் 40. 78 இருக்கை விமானத்தில் 39. அவை தீர்ந்தபின் சந்தை விலைதான். எனவே தேதி முடிவானதும் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மலிவுக் கட்டணத்தால் நிறுவனத்துக்கு விழும் துண்டை ஈடுகட்டும் பணம், பெரிய வழித்தட விமானங்களின் மீதான தீர்வையிலிருந்தும் மாநில அரசின் 20 சதவீதப் பங்கிலிருந்தும் வருகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்குப் பங்கு 10 சதவீதம். 2023இல் வந்த ஐந்தாம் சுற்றான உதான் 5.0 தூர உச்சவரம்பை நீக்கியது. ஆனால் ஈட்டுத்தொகையை 600 கிலோமீட்டர் வரைதான் கணக்கிடுகிறார்கள்.

இந்த உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் நிறுவனம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். மத்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுகளை முழுதாக ஓட்டியவை 112. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஓடுபாதையும் முனையமும் தயாராக இருந்தும் விமானம் இல்லாத ஊர்களும் இதில் உண்டு.

சேலம் மக்களுக்கு இது புதிதல்ல. ஓமலூர் அருகே காமலாபுரத்திலிருந்து 2018 மார்ச்சில் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிய சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது. பயணத்தை நம்பி வேலை, மருத்துவம் என்று நாள் குறிக்கும் முன், அந்த வழித்தடம் இப்போது ஓடுகிறதா, வாரத்தில் எந்தெந்த நாட்களில் ஓடுகிறது என்று விமான நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.